பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்



2017 டிசம்பரில் ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் தொடங்கியது. கரண்டுக் கம்பங்கள் வழியாக இணையக் கேபிள் வந்தது. இன்று நம் புத்தலப்பட்டிலும் வைஃபை பெட்டி புதிதல்ல.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை அழுதுவிட்டாள். நான் கேபிள்காரரைத் திட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பாரு அக்கா" என்றான். போனாள். விண்ணப்பம் உடனே போய்விட்டது!

தவறு என்னுடையது. பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தது நான்தான்.

வீடு வரை கேபிள் வருகிறது. பெட்டியிலிருந்து போனுக்குக் கம்பி இல்லை. வானொலி அலைதான் போகிறது. இரும்பு அதைத் தடுக்கும். கனமான சுவர் அதைக் குறைக்கும். ஆகவே பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

பக்கத்தில் நின்றாலும் வேகம் இல்லையா? பெட்டியை அணையுங்கள். முப்பது எண்ணுங்கள். மீண்டும் போடுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? கேபிளில் கோளாறு இருக்கலாம். அப்போது கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

முதலில் பாருங்கள். பிறகு திட்டலாம்!