கைமாறி வரும் வைஃபைக் கருவி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலையும் மழையையும் மனத்திற்கொண்டு சுவர் எழுப்பினார்களேயன்றி, வைஃபையை மனத்திற்கொண்டு எழுப்பவில்லை. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர், நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தையும் அறைகளும். இணையத் தொடர்பைக் கொண்டுவரும் பெட்டியோ, வயர் வீட்டினுள் நுழையும் முன்பக்கத்து மூலையிலேயே பெரும்பாலும் பொருத்தப்படுகின்றது. அம்மூலையில் ஆறாகப் பாயும் தொடர்பு, பின்னறையில் இருந்து படிக்கும் பிள்ளையின் மேசையை அடையும்போது நூலிழையாய் மெலிந்துவிடுகின்றது. கொழும்பில் மாடிக்கு மேல் மாடியாக எழுந்த சீமெந்து வீடுகளின் கதையும் இதுவே. அங்கே சுவர் மெல்லியதாயினும், தட்டுக்குத் தட்டு இரும்புக் கம்பி இட்ட கொங்கிறீற்று வானலையை வழிமறித்து நிற்கின்றது.

இக்குறையைப் போக்க வந்ததே மெஷ் என வழங்கப்படும் வலைமுறை. ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று சிறிய நிலையங்கள் வீட்டின் வெவ்வேறு இடங்களில் அமர்ந்து, ஒரே பெயருடனும் ஒரே கடவுச்சொல்லுடனும் தொழில் செய்கின்றன. கைபேசியுடன் நடப்பவர் ஒரு நிலையத்தின் எல்லையைக் கடந்து அடுத்ததன் எல்லைக்குள் புகும்போது, தொடர்பும் அவரைப் பின்தொடர்கின்றது. 2016 ஆம் ஆண்டில் ஈரோ, கூகிள் வைஃபை, ஓர்பி முதலிய கருவிகள் சந்தைக்கு வந்ததன் பின்னரே இம்முறை சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. எட்டியது என்றாலும் விலை கையைக் கடிப்பதே. 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியதை இந்நாட்டவர் மறக்கமாட்டார்கள். ஆகவே, வெளிநாட்டில் ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததும், பாவித்துத் திருத்தப்பட்டதுமான மெஷ் ரவுட்டரை நாடுவது வியப்புக்குரியதன்று.

பாவித்த பொருள் என்றவுடன் தேய்மானம் பற்றிய அச்சம் எழுவது இயல்பு. பாவித்த மோட்டார் வண்டியின் எஞ்சின் தேய்ந்திருக்கும். பாவித்த கைபேசியின் மின்கலம் சோர்ந்திருக்கும். ரவுட்டரிலோ சுழலும் உறுப்பு பெரும்பாலும் இல்லை, மின்கலமும் இல்லை. காற்றோட்டமான இடத்தில் இருந்த கருவியானால் அதன் உடல் பல ஆண்டுகள் நிலைக்கும். முதலிற் பழுதாவது பெரும்பாலும் அதனுடன் வரும் அடப்டரே; அதனை மாற்றுவது எளிது. இந்த அளவில், பாவித்து வாங்குவதற்கு ரவுட்டரைப் போல உகந்த மின்கருவிகள் சிலவே.

ஆனால், இக்கருவிக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று உடலின் வயது. மற்றது அதனுள் இயங்கும் மென்பொருளின் வயது. உடல் உறுதியாக இருக்கும்போதே மென்பொருள் மூப்படைந்துவிடுவதுதான் இவ்வியாபாரத்தின் வில்லங்கம். கூகிள் நிறுவனம் 2015 இல் ஆன்ஹப் என்ற ரவுட்டரை வெளியிட்டது. பின்னர் வந்த கூகிள் வைஃபை நிலையங்களுடன் சேர்ந்து வலையமைக்கவும் அது வல்லதாயிருந்தது. 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கருவி உடைந்துவிடவில்லை, விளக்கும் அணையவில்லை, வைஃபையும் வந்துகொண்டுதான் இருந்தது. எனினும், அதன் பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றும் வழி அடைபட்டது. மென்பொருட் புதுப்பிப்பும் நின்றது. அத்தகைய ஒன்றைப் பளபளப்பாகத் துடைத்துப் புதிய அட்டைப் பெட்டியில் இட்டு ஒருவர் விற்பாரானால், வாங்குபவர் பெறுவது ரவுட்டரின் உருவத்தை மட்டுமே.

மென்பொருட் புதுப்பிப்பு அவ்வளவு அவசியமா என்று கேட்போரும் உளர். 2017 ஒக்டோபரில், பெல்ஜியத்திலுள்ள லூவன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப், வைஃபையின் பூட்டாகிய டபிள்யூபிஏ2 முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதை வெளிப்படுத்தினார். உலகெங்கும் பாவனையில் இருந்த கருவிகளை அது தொட்டது. அதற்கு மருந்து மென்பொருட் புதுப்பிப்பு ஒன்றே. புதுப்பிப்புப் பெற்ற கருவிகளில் ஓட்டை அடைபட்டது, பெறாதவற்றில் இன்றும் அப்படியே கிடக்கின்றது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் எனும் நச்சு மென்பொருள் குறைந்தது 54 நாடுகளில் 500,000 கருவிகளுக்குக் குறையாமல் தொற்றியிருப்பதாகச் சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அறிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணும், பிள்ளைகளின் படங்களும், வெளிநாட்டிலிருக்கும் மகனுடன் தாய் பேசும் பேச்சும் இந்தச் சிறு பெட்டியின் வழியாகவே போய்வருகின்றன என்பதை எண்ணும்போது, விலையிற் சில ஆயிரம் ரூபா குறைந்ததே என்று மகிழ்வதற்கு இடமில்லை.

ஆகவே, பாவித்த மெஷ் ரவுட்டரை நாடுபவர் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதன் வேகம் பற்றியதன்று. இந்த மாதிரி எந்த ஆண்டில் வெளிவந்தது, உற்பத்தியாளர் இதற்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வழங்குவார் என்பதே. கடைக்காரருக்கு விடை தெரியாதிருப்பது பெரிய குற்றமன்று. மாதிரியின் பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வந்து உற்பத்தியாளரின் அறிவித்தல்களில் தேடிப் பார்த்தபின் வாங்குவது ஒரு நாட்தாமதமே. மிக வேகமானதை விட மிக இளையதை வாங்குவதே மேல். இங்கு ஓர் இக்கட்டும் உண்டு. வைஃபை 5 எனப்படும் தலைமுறை 2013 ஆம் ஆண்டின் தரவிதியைச் சார்ந்தது. செக்கனுக்கு 100 மெகாபிட் அளவான இணைப்புள்ள வீட்டுக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும். பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைப்பதும் அதுவே. ஆனால் புதுப்பிப்பு முதலில் நிற்கப்போவதும் அந்தத் தலைமுறைக்கே. 2019 இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6 தலைமுறைக் கருவிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது, வேகத்துக்கான விலையன்று, ஆயுளுக்கான விலை.

திருத்திய கருவி என்ற சொல்லும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுச் சோதித்து, எழுத்தில் உத்தரவாதம் தந்து விற்பது ஒருவகை. யாரோ கழற்றிய கருவியைத் துணியால் துடைத்து விற்பது மற்றொருவகை. இரண்டின் மீதும் ஒரே சொல்லே ஒட்டப்பட்டிருக்கும். உத்தரவாதத்தை யார் தருகின்றார், எத்தனை மாதத்துக்கு, இந்நாட்டில் அது செல்லுமா என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேட்கையில் இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும்.

அடுத்தது பழைய உரிமையாளரின் பிடி. மெஷ் கருவிகள் பல, கைபேசிச் செயலியின் வழியாக ஒருவருடைய கணக்கோடு பிணைக்கப்படுகின்றன. அவர் தம் கணக்கிலிருந்து அதனை விடுவிக்காமல் விற்றிருந்தால், வாங்கியவர் எவ்வளவு முயன்றாலும் சில கருவிகள் புதியவரை ஏற்பதில்லை. பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது மட்டும் எப்போதும் போதாது. ஆதலால் பணம் கொடுக்குமுன் கடையிலேயே, வாங்குபவருடைய சொந்தக் கைபேசியில், சொந்தக் கணக்கில், ஒன்றல்ல, தொகுதியிலுள்ள மூன்று நிலையங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்ப்பதே நன்று.

தொகுதி என்று விற்கப்படுபவை உண்மையில் ஒரே தொகுதிதானா என்பதையும் பார்க்கவேண்டும். வெவ்வேறு இடங்களில் சேர்த்த நிலையங்களை ஒரு பெட்டியில் இடுவது கடினமன்று. கூகிள் நிறுவனத்தின் பொருட்களையே எடுத்துக்கொண்டால், 2016 இன் கூகிள் வைஃபையும் 2019 இன் நெஸ்ட் வைஃபையும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும். 2022 இல் வந்த நெஸ்ட் வைஃபை புரோவோ முன்னவை இரண்டுடனும் சேராது. பெயரில் உறவு உண்டு, தொழிலில் உறவில்லை.

இனி அலையின் இயல்பைச் சற்று நோக்கலாம். சிற்றலை வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு 31 மீற்றர், 41 மீற்றர் என்ற அளவுகள் புதியனவல்ல. வைஃபை அலையின் நீளமோ மீற்றரிலன்றிச் சென்ரிமீற்றரில் அளக்கப்படுவது. 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் அது ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். 5 கிகாஹேட்ஸ் மீடிறனில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். நீளம் குறைந்த அலை கூடுதலான செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரைக் கண்டால் விரைவிற் சோர்ந்துவிடும். இரும்பு அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியன இரண்டுக்குமே பகை. இரு நிலையங்கள் தமக்குள் பேசுவதும், கைபேசிகளோடு பேசுவதும் ஒரே அலையிலேயே நிகழுமானால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இதைத் தவிர்க்கவே சில கருவிகள் மூன்றாவது அலைவரிசையொன்றைத் தமக்குள் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்துள்ளன. 2016 இன் ஓர்பி அவ்வாறானது.

தடித்த சுவருள்ள வீட்டில் அதுவும் அரைமருந்தே. முற்றத்தின் ஓரமாக ஒரு ஈதர்நெட் வயரை இழுத்து இரு நிலையங்களையும் இணைத்துவிட்டால், பழைய மலிவான கருவியும் புதிய விலையுயர்ந்த கருவியை வென்றுவிடும். வயரின் செலவு சொற்பம். ஒருமுறை இழுத்தால் பல ஆண்டுகளுக்கு உதவும். ஆனால் வயரைச் செருகத் துளை வேண்டுமே! நெஸ்ட் வைஃபையின் முதன்மைப் பெட்டியில் இரண்டு துளைகள் உண்டு. அதன் துணைநிலையத்தில் ஒன்றுகூட இல்லை. இதனை அறியாமல் வயரை இழுத்து முடித்தவர் அதனைச் சுருட்டி வைக்கவேண்டியதுதான். துளை இருப்பினும் அது செக்கனுக்கு 1000 மெகாபிட் தாங்குவதா, 100 மட்டும் தாங்குவதா என்று கேட்பது நன்று. மலிவான பழைய மாதிரிகள் சில 100 உடன் நின்றுவிடுகின்றன.

மெஷ் கருவி வந்ததும் இணைய நிறுவனம் தந்த பெட்டியைக் கழற்றி எறியலாம் என்று எண்ணுவதும் தவறு. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்செய்தியாக மாற்றுவது அந்தப் பெட்டியே. அது இருந்தே ஆகவேண்டும். அதன் சொந்த வைஃபையை நிறுத்திவிட்டு, வழிநடத்தும் வேலையை இரண்டில் ஒன்றிடம் மட்டும் ஒப்படைப்பது முறை. இரண்டும் தாமே வழிநடத்த முனைந்தால், சில விளையாட்டுகளும், தொலைவிலிருந்து பார்க்கும் கமராக்களும், அலுவலகத் தொடர்புகளும் காரணம் புலப்படாமல் தடுமாறும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவிலிருந்து வரும் கருவியின் அடப்டரில் 100 முதல் 240 வோல்ற்று வரை என அச்சிட்டிருந்தால் நமது 230 வோல்ற்றுக்கு அது அஞ்சாது. தட்டையான இரு முனைகளுக்கு மாற்றி ஒன்று தேவைப்படும். 110 அல்லது 120 மட்டும் எழுதியிருந்தால் அதனைச் செருகவே கூடாது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், ரவுட்டருக்கெனச் சிறு மின்கலப் பெட்டி வாங்கி வைத்தவர் பலர். மெஷ் முறையில் அப்பெட்டி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்றாக வேண்டும் என்பதையும், 12 வோல்ற்றுக் கருவியும் 5 வோல்ற்றுக் கருவியும் எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தமாட்டா என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அன்றியும், வானலைக் கருவிகளை இந்நாட்டுக்குள் கொண்டுவந்து விற்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பொதியில் உறவினர் அனுப்பிய கருவிக்கு உத்தரவாதமும் கிடையாது, அனுமதியும் ஐயத்துக்குரியது.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின், பணப்பையைத் திறக்குமுன் செய்துபார்க்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இருக்கும் பெட்டியை முன்மூலையிலிருந்து எடுத்து, நீளமான வயர் ஒன்றின் துணையோடு வீட்டின் நடுவே, தலையுயரத்துக்கு மேலான ஒரு தட்டில் வைத்து ஒரு வாரம் பார்க்கலாம். சிறிய வீடுகள் பலவற்றில் குறை அத்துடன் தீர்ந்துவிடும். தீராவிடின் இரண்டு நிலையங்கள் வாங்கலாம். மூன்று என்பது கடைக்காரரின் விருப்பமேயன்றி வீட்டின் தேவையாக இருப்பது அரிது. இரண்டாவதை வைக்கவேண்டிய இடம் தொடர்பு அற்றுப்போகும் பின்னறையன்று; முதலாவதன் அலை இன்னும் வலுவாக எட்டும் பாதிவழியாகிய முற்றத்து விறாந்தை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மென்பொருளைப் புதுப்பித்து, புதிய பெயரும் நீண்ட கடவுச்சொல்லும் இடவேண்டும். ஓரிரு ஆண்டுகளில் அதே கருவியை இன்னொருவருக்கு விற்க நேருமானால், பெட்டியில் இடுமுன் செயலியைத் திறந்து தம் கணக்கிலிருந்து அதனை விடுவித்து, அடப்டர்களை எண்ணி வைத்துக் கொடுப்பது விற்பவரின் கடன்.