தெளிந்த ஜலமும் ஒளிந்த விஷமும்



ஜலம் தெளிவாயிருந்தால் அது நல்ல ஜலம் என்று நாம் எல்லோரும் நம்பிக் கொண்டிருக்கிறோம். கண்ணுக்குக் கலங்கலில்லை, நாக்குக்குக் கரிப்பில்லை, ஆகவே குடிக்கலாம் என்று முடிவு செய்து விடுகிறோம். இம்முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை இன்று சிறிது யோசிப்போம்.

இயந்திரத் தொழிற்சாலைகளில் இரும்புச் சாமான்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க டிரைக்ளோரோ எத்திலீன் என்னும் திரவத்தை வெகுகாலமாக உபயோகித்து வந்தார்கள். அது சீக்கிரம் ஆவியாகும் சுபாவமுள்ளது. ஆதலால் கழிவைத் தரையில் கொட்டினாலும் காற்றோடு போய்விடும் என்று எண்ணினார்கள். ஆனால் காற்றோடு போனது போக, மீதி பூமிக்குள் இறங்கிற்று.

எண்ணெயானால் ஜலத்தின்மேல் மிதக்கும். இதுவோ ஜலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே மண்ணிடுக்குகளில் புகுந்து, ஊற்று நீரையும் தாண்டி, களிமண் படுகை தடுக்கும்வரை இறங்கித் தங்கிவிடுகிறது. அங்கிருந்து வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுகக் கரைந்து கிணறுகளுக்கு வருகிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது அமெரிக்க சர்க்கார் விதி. அந்தக் கணக்குப்படி இதில் ஒரே லிட்டர், சுமார் 29 கோடி லிட்டர் ஜலத்தை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது!

அமெரிக்காவில் வட கரோலினாவிலுள்ள கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் நடந்ததென்ன? பூமிக்கடியிலிருந்த தொட்டிகளின் ஒழுக்கும், கழிவுக் குழிகளும் ஒரு பகுதிக் கிணறுகளைக் கெடுத்தன. முகாமுக்கு வெளியேயிருந்த ஒரு சலவைக் கடையின் கழிவு மற்றொரு பகுதிக் கிணறுகளைக் கெடுத்தது. 1982-ல் ஒரு பரீட்சையில் டிரைக்ளோரோ எத்திலீன் லிட்டருக்கு 1400 மைக்ரோகிராம் இருந்தது. அப்படியிருந்தும் கெட்ட கிணறுகளை மூடத் துவங்கியது 1984 கடைசியில்தான். அதுவரை சிப்பாய்களும் அவர்கள் பெண்டுபிள்ளைகளும் அந்த ஜலத்தையே குடித்தார்கள்.

இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று 2012-ல் சர்வதேச ஆராய்ச்சி நிபுணர்கள் தீர்மானித்தார்கள். 1953 முதல் 1987 வரை அம்முகாமிலிருந்து தீங்கடைந்தவர்கள் வழக்காட 2022-ல்தான் சட்டம் இடங்கொடுத்தது. இதற்குள் மாண்டவர்களுக்கு அச்சட்டத்தால் பிரயோஜனமென்ன?

"என் நிலத்தில் நான் கொட்டுகிறேன்" என்பான் முதலாளி. பூமிக்கடியில் ஓடும் ஜலத்துக்கு வேலியுண்டா? எல்லைக்கல்லுண்டா?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர்ப் பட்டறையின், சலவைக் கடையின் கழிவு எங்கே போகிறது என்று தைரியமாய்க் கேளுங்கள். பக்கத்துக் கிணற்று ஜலத்தைப் பரீட்சை செய்யும்படியும், அதன் முடிவை யாவரும் அறிய வெளியிடும்படியும் அதிகாரிகளை வற்புறுத்துங்கள். பூமிக்குள் இறங்கிவிட்ட விஷத்தை எடுப்பது லேசான காரியமல்ல. இறங்காமல் தடுப்பது நம்மாலாகக் கூடியதேயாகும்.