ஏடு மாறினும் எண் அழியலாகாது
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலையும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் நாம் பதிவேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நமக்கு, அதைவிட நன்றாகத் தெரிந்த பொருள் வேறில்லை.

நம் சங்கத்தின் உதவிப் பதிவேடு மூன்று தடித்த நோட்டுப் புத்தகங்களாக அலமாரியில் இருப்பதை அனைவரும் அறிவீர்கள். இவ்வாண்டு அதனைக் கணிப்பொறிக்கு மாற்றுவதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. நல்ல முடிவு. ஆனால், “பழையனவற்றை விட்டுவிடலாம், புதியனவற்றை மட்டும் ஏற்றினால் போதும்” என்று அன்பர்கள் சிலர் கூறுகின்றனர். இதனை ஏற்குமுன், இதே வேலையை உலகளவில் செய்து முடித்தவர்களின் அனுபவத்தைக் கேட்பது நலம்.

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை நம் பிள்ளைகள் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். தமிழில் அது 2003-இலும், நாம் வாழும் இவ்வங்க நாட்டின் மொழியில் 2004-இலும் தொடங்கிற்று. இரண்டும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளின் மீது இயங்குகின்றன. அது கட்டற்ற மென்பொருள்; அதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆகவே அதில் குறை கண்டால் சொல்லும் உரிமையும் எவருக்கும் உண்டு. மதுரையில் இருப்பவர் ஒரு குறையைச் சுட்டி, அது திருத்தப்பட்டால், அப்பயன் பவானிப்பூரில் வங்காளத்தில் படிப்பவரையும் சென்றடையலாம்.

இக்குறைகளை எழுதி வைக்க 2004 முதல் பக்ஸில்லா என்னும் பதிவேடு இருந்தது. பத்தாண்டுகளில் அது நிரம்பி வழிந்தது. ஒரு வேலை ஓர் ஏட்டிலும், அதன் தொடர்ச்சி வேறோர் ஏட்டிலுமாகச் சிதறின. அன்றியும், குறை சொல்ல விரும்பியவர் அதற்கெனத் தனிக் கணக்குத் திறக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரியோ கணக்குடைய பிறர் கண்ணிலும் படும். இதற்கு அஞ்சி வாய் மூடியிருந்தவர் எத்தனை பேரோ! எனவே 2014 நவம்பரில் அனைத்தையும் ஃபாப்ரிகேட்டர் என்னும் புதிய பதிவேட்டிற்கு மாற்றினர். விக்கிப்பீடியாவில் எழுதும் அதே கணக்கைக் கொண்டே அங்குக் குறையும் சொல்லலாம் என்றாயிற்று.

மாற்றப்பட்ட குறைகள் 73,000-க்கும் மேல். அவற்றுள் தீர்ந்தவையும் உண்டு, தீராதவையும் உண்டு. தீர்ந்தவற்றை ஏன் சுமந்து செல்ல வேண்டும் எனலாம். பழுது திரும்பி வரும் இயல்புடையது என்பதே விடை. முன்பு எவ்வாறு தீர்த்தோம் என்பது ஏட்டில் இருந்தால் அரை நாளில் முடியும் வேலை, ஏடில்லையேல் அரை மாதம் இழுக்கும். இருப்புப் பாதையில் வேலை பார்ப்போர் எவரும் இதற்குச் சான்று கூறுவர்.

எண்களை அவர்கள் காத்த முறை நம் மனத்தைக் கவர்ந்தது. புதிய ஏட்டில் முதல் எண்கள் முன்னரே வேறு பணிகளுக்கு வழங்கப்பட்டிருந்தன. ஆகவே பழைய எண் ஒவ்வொன்றுடனும் 2000-ஐக் கூட்டினர். பழைய 1 புதிய 2001 ஆயிற்று. பழைய 12345 புதிய 14345 ஆயிற்று. பழைய முகவரியைத் தட்டினாலும் புதிய பக்கத்தில் கொண்டுபோய் விடும்படி அமைத்தனர். நமக்கு இது புதிதன்று. 2010 டிசம்பரில் நம் இரயில் வண்டிகளின் நான்கிலக்க எண்கள் ஐந்திலக்கமாயின. அன்று ஹவுராவிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு, இன்று சாலிமாரிலிருந்து புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2841 என்பதிலிருந்து 12841 ஆயிற்று. வண்டி அதுவே, பழைய எண்ணை நினைவில் வைத்திருந்த பாட்டியும் வழி தவறவில்லை.

பைத்தான் என்னும் கணினி மொழியினர் 2022 ஏப்ரலில் தம் குறைப் பதிவேட்டைக் கிட்ஹப் என்னும் தளத்திற்கு மாற்றியபோது எண்களைக் காக்க இயலவில்லை. ஆயினும் பழைய ஏட்டை அழிக்காமல், படிக்க மட்டும் திறந்து வைத்து, பழைய குறை ஒவ்வொன்றிலிருந்தும் புதிய இடத்திற்கு வழி காட்டினர். எண் மாறினும் வழி அறவில்லை.

பெயரின் செய்தி சற்று வருத்தந் தருவது. விக்கிப்பீடியா மாற்றத்தில் பழைய குறைகள் முதலில் ஓர் இயந்திரக் கணக்கின் பெயரிலேயே ஏறின. எழுதியவர் வந்து, அதே மின்னஞ்சல் தமதென்று மெய்ப்பித்தால்தான் அவை அவர் கணக்கைச் சேரும். வராதவர்களின் எழுத்து இன்றும் அவ்வியந்திரத்தின் பெயரிலேயே நிற்கிறது. குறைகளுக்கு அன்பர்கள் முன்பு அளித்திருந்த வாக்குகளும் புதிய ஏட்டிற்கு வரவில்லை. எத்துணைக் கவனமாக மாற்றினாலும் ஏதோ ஒன்று வழியில் சிந்தும். கவனமின்றி மாற்றினால் என்னவாகும்?

இன்னொன்றும் உண்டு. ஃபாப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனம் 2021-இல் அதனைப் பேணுவதை நிறுத்திவிட்டது. ஆயினும் அதுவும் கட்டற்ற மென்பொருளாதலால், தொண்டர்கள் அதனை ஃபோர்ஜ் என்னும் பெயரில் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர். கிட்ஹப்போ 2018 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமை. வசதி மிகுந்த வீடுதான். எனினும் வாடகை வீடு. ஊர் விட்டு ஊர் வந்து வாடகை வீடு பல மாறிய நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. குடியிருக்கலாம், ஆனால் எந்நேரமும் மூட்டை கட்டத் தயாராக, படி ஒன்றை நம் கையில் வைத்திருக்க வேண்டும்.

இனி நம் அலமாரிக்கு வருவோம். நம் இரண்டாம் நோட்டில், கணவரை இழந்த ஒரு தாயாரின் குடும்ப ஓய்வூதியம் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. எதிரே “முடிவுறவில்லை” என்று எழுதியிருக்கிறது. அவர் நம் எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி வாங்கிச் சென்றார். புதியனவற்றை மட்டும் ஏற்றுவோமாயின், நாளை அவர் அத்தாளுடன் வரும்போது, கணிப்பொறி முன் அமர்ந்த இளைஞர், “இப்படி ஓர் எண்ணே இல்லையே, அம்மா” என்பார். இளைஞர் மீது தவறில்லை. ஆயினும் அத்தாயாரைப் பொறுத்தவரை, சங்கம் அன்றே தம்மை மறந்துவிட்டது.

ஆகவே செயற்குழுவினர்க்கு நம் வேண்டுகோள் நான்கு. தீர்ந்தது, தீராதது அனைத்தும் ஏறட்டும். பழைய எண் புதிய எண்ணோடு சேர்ந்து நிற்கட்டும். விண்ணப்பித்தவர் பெயரும், எழுதி வைத்தவர் பெயரும் விடுபடாதிருக்கட்டும். எனினும் பிறர் துன்பம் கண்டவர் கண்ணிலெல்லாம் படாதவாறு பூட்டும் இருக்கட்டும். மூன்று நோட்டுகளும் எடைக்குப் போகாமல் அலமாரியிலேயே வாழட்டும்.

இவ்வேலைக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தர நாம் ஆயத்தமாக உள்ளோம். கணிப்பொறி அறிந்த இளைஞர் இருவர் உடன் வந்தால் போதும். பழைய கையெழுத்துகளைப் படித்துச் சொல்வது நம் பொறுப்பு.