உயிரும் ஓர் உவமையும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதை பற்றிப் பேசுவதற்குப் பலர் இருக்க, வேதியியல் ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னை உயிரின் தோற்றம் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இதற்குப் பின்னணி ஒன்று உண்டு. நம் மாதக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர், ஆதிக்கடல் என்னும் உலையில் வெந்து உயிர் பிறந்ததாக ஒரு கவிதை வாசித்தார். 'அறிவியலுக்கும் பொருந்தி வருகிறதே' என்று எழுந்து பாராட்டினேன். வீடு திரும்பும் வழியிலேயே அது உறுத்தத் தொடங்கியது. அந்தப் பாராட்டில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். பிழை கவிஞருடையதன்று, அதே உவமையை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவந்த என்னைப் போன்றோருடையது.

அந்த உவமை எங்கிருந்து வந்தது? டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உயிரினங்கள் எவ்வாறு மாறின என்பதைப் பேசுகிறது. முதல் உயிர் எவ்வாறு உண்டாயிற்று என்பதை விளக்க முற்படவில்லை. 1871இல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில் மட்டும், வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையைப் பற்றித் தயக்கத்தோடு குறிப்பிட்டார். பின்னர் 1924இல் ரஷ்ய நாட்டு ஒபாரின் ஒரு சிறு நூலில் இவ்வினாவை வேதியியலாக்கினார். அந்நூலை அறியாத ஆங்கிலேயர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1929இல் ஒரு கட்டுரையில், பழங்காலக் கடலை நீர்த்த, சூடான சூப்புக்கு ஒப்பிட்டார். உயிரற்ற உலகில் உண்டான சேர்மங்களைத் தின்றழிக்க எவ்வுயிரும் இல்லாமையால் அவை கடலில் சேர்ந்துகொண்டே போயின என்பது அவர் கருத்து. நான் அதைச் 'சாறு' என்று மொழிபெயர்த்து மாணவர்களுக்குச் சொன்னேன். ஒபாரினின் பெயரை மறந்த மாணவன்கூடச் சாற்றை மறக்கவில்லை.

1953இல் அந்த உவமைக்குக் கண்ணாடிக் குடுவையில் உருவம் கிடைத்தது. சிகாகோவில் ஹெரால்டு யூரியின் மாணவராயிருந்த ஸ்டான்லி மில்லருக்கு அப்போது வயது 23. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களைக் குடுவையில் அடைத்து, நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியும் வாயுவும் கலந்த வெளியில் மின்பொறிகளைப் பாய்ச்சினார். ஒரு நாளில் நீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் செந்நிறம் கொண்டது. ஆய்ந்தபோது, புரதங்களைக் கட்டும் கிளைசின், அலனின் என்னும் அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. அவர் மூடி வைத்திருந்த பழைய சிமிழ்களை அவர் மறைவுக்குப் பின் புதிய கருவிகளால் ஆராய்ந்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். எரிமலை ஆவியைப் போலச் செய்த சோதனையொன்றின் எச்சத்தில் 22 அமினோ அமிலங்கள் காணப்பட்டன. அரைநூற்றாண்டுக்கு மேல் ஒரு பெட்டிக்குள் உறங்கிய விடை அது.

இதுவரை என் பாராட்டில் தவறில்லை. பிறகுதான் சிக்கல். தொடக்கக் காற்றுமண்டலத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் மிகுதியாக இருந்தன என்பதைப் புவியியலாளர் பலர் ஏற்பதில்லை. கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தன என்பர். அக்கலவையில் விளைச்சல் குறைவு. ஆனால் சரக்குக்குப் பஞ்சமில்லை என்பதை வேறு வழிகள் காட்டிவிட்டன. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து விண்கலம் 2023இல் கொண்டுவந்த மண்ணில், புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருந்தன; டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து காரங்களும் இருந்தன. இம்முடிவுகள் 2025இல் வெளிவந்தன. அரிசியும் பருப்பும் வான்வெளியெங்கும் கிடக்கின்றன. சமைத்தது யார், எந்த அடுப்பில் என்பதே கேள்வி.

உவமை தவறுவது இங்கேதான். நன்கு கொதிக்கவைத்துக் கிருமி புகாமல் மூடிய ரசத்தை எத்தனை ஆண்டு வைத்தாலும் அதில் உயிர் எழாது. அதில் வேண்டிய சத்தெல்லாம் உண்டு; ஆனால் எதுவும் எங்கும் பாயவில்லை. ஏரி நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளையாது. மடை திறந்து நீர் ஓட வேண்டும். ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் தம் மெல்லிய சவ்வின் இருபுறமும் புரோட்டான்களின் ஏற்றத்தாழ்வை உண்டாக்கி, அந்த ஓட்டத்தால் வாழ்கின்றன. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது.

அந்த ஓட்டம் இயற்கையிலேயே உள்ள இடம் எது? கடலடி வெந்நீர் ஊற்றுகள் என்கிறது ஓர் அணி. அட்லாண்டிக் கடலடியில் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுகளில் காரத்தன்மையுள்ள நீர், நுண்துளை நிறைந்த பாறைகளின் வழியே கசிகிறது. அதைப் போன்ற துளைகளே முதல் உயிரணுவின் அறைகள் என்பது இவர்கள் வாதம். எதிரணியினர், நீர் மிகுந்தால் நீள்சங்கிலி மூலக்கூறுகள் அறுந்துபோகும். நனைந்தும் உலர்ந்தும் வரும் குட்டைக்கரையே தகுந்த இடம் என்பர். உப்பளப் பாத்தியில் கடல்நீர் சுண்டுவதைக் கண்டவர்களுக்கு இவ்வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும். இவ்விரு அணியினரும் ஒருவரையொருவர் மறுக்கும் வேகம் நம் மரபுக்கவிதை, புதுக்கவிதைச் சண்டையை எனக்கு நினைவூட்டுகிறது.

இன்னொரு முடிச்சு உண்டு. டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும்; புரதம் செய்ய டி.என்.ஏ.யின் குறிப்பு வேண்டும். விதை முந்தியதா, மரம் முந்தியதா? ஆர்.என்.ஏ. இரண்டு வேலையையும் செய்யக்கூடும் என்பதற்குத் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோரின் கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன. 1989இல் நோபல் பரிசும் பெற்றன. ஆயினும் அந்த ஆர்.என்.ஏ. எவ்வாறு விளைந்தது? ஜான் சதர்லாந்து குழுவினர் 2009இல் அதன் நான்கு அலகுகளுள் இரண்டை எளிய சேர்மங்களிலிருந்து வருவித்துக் காட்டினர். அழகான வேதியியல். ஆனால் உரிய பொருளை உரிய நேரத்தில் ஊற்ற ஒரு வேதியியலார் அங்கே நின்றார் என்று குறை சொல்வோரும் உளர். குறை நியாயமானதே என்பது என் எண்ணம்.

அன்று கூட்டம் முடிந்தபின் அன்பர் ஒருவர், 'தொடக்கமே தெரியாதபோது பரிணாமம் மட்டும் எப்படி உண்மையாகும்?' என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அதுவும் என் பிழை. ஓலைச்சுவடியின் முதல் ஏடு செல்லரித்துப் போனதால், எஞ்சிய ஏடுகளிலுள்ள எழுத்து அழிந்துவிடுவதில்லை. வேம்பிலும் எறும்பிலும் நம் உடலிலும் மரபுக் குறிப்பைப் புரதமாக மாற்றும் அகராதி ஏறத்தாழ ஒன்றே. இது பொது மூதாதையின் கையெழுத்து. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்கே ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணுயிர்த் தடங்கள் உள்ளன. அதற்கு முற்பட்ட பாறைகள் மிகச் சிலவே எஞ்சியிருப்பதால், முதல் ஏட்டைத் தேடுவோர் குடுவையிலும் கடலடியிலும் தேடுகிறார்கள்.

உவமையைத் தந்த ஹால்டேன் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1963இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த கருத்தரங்கில் ஒபாரினை முதன்முறையாகச் சந்தித்து, முந்திச் சொன்னவர் ஒபாரினே என்று அவையில் ஒப்புக்கொண்டார். தொடக்க உயிரி ஒரே ஓர் ஆர்.என்.ஏ. மரபணுவைக் கொண்டிருந்திருக்கலாம் என்ற புதுக்கருத்தையும் அங்கே வைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் நாள் புவனேஸ்வரத்தில் புற்றுநோயால் மறைந்தார். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார்.

தலைவரின் சீட்டு வந்துவிட்டது. கவிதையில் அந்த உலையை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் 'அறிவியலுக்குப் பொருந்துகிறது' என்று நான் சொன்னதைக் கூட்டக் குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளுமாறு செயலரைக் கேட்டுக்கொள்கிறேன்.