தாடை தரும் செவியின் செய்தி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இவ்வேளையில், மருத்துவம் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். நான் எடுத்துக்கொண்ட பொருள் தலைசுற்றல். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து போற்றும் குடும்பங்கள் நம் குடியிருப்பில் பல உண்டு. ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

செவி கேட்பதற்கு மட்டுமே அமைந்த கருவி என்று பலர் கருதுகின்றனர். நாம் சாயாமல் நிற்பதற்கும் அதுவே துணை செய்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவை தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை அடுத்து இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் நுண்ணிய சுண்ணாம்புப் பரல்கள் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் பரல்கள் நகரும். அந்நகர்வை நரம்பு மூளைக்கு அறிவிக்கும். இவ்வமைப்பு பழுதுற்றால் நின்ற இடம் சுழல்வது போலவோ, நடக்கும் தரை நழுவுவது போலவோ தோன்றும்.

செவியில் வெந்நீரும் தண்ணீரும் செலுத்திக் கண்ணின் அசைவை நோக்கும் சோதனையை விளக்கியவர் ராபர்ட் பாரனி. 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. ஆயினும் அச்சோதனை பெரும்பாலும் ஒரு குழலின் நிலையையே காட்டும். பைகளின் நிலையை அறிய வேறு வழி வேண்டியிருந்தது. 1992-இல் சிட்னி நகரத்து மருத்துவர்களான கோல்பேட்சும் ஹால்மாகியும் ஒரு வழி காட்டினர். உரத்த ஓசையொன்றைச் செவியில் கணப்பொழுது ஒலித்தால், பை அதனைத் தலையசைவு போலக் கொண்டு கழுத்துத் தசைக்குச் செய்தி அனுப்புகிறது. அத்தசையின் மின்னலையை அளந்து பையின் நிலையை உய்த்துணரலாம்.

அத்தகைய செய்தி தாடைக்கும் செல்கிறது. இத்தாலி நாட்டுச் சார்டினியாத் தீவில், சஸ்ஸாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்கா தேரியுவும் அவருடன் உழைத்தோரும் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின.

பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்புறம் ஒரு தசை புடைப்பதை விரலால் தொட்டறியலாம். அதன்மேல் மின்வாய்களை ஒட்டுவார்கள். நோயாளி மிதமாகப் பல்லைக் கடித்தவாறு இருக்க வேண்டும். செவியின் செய்தி, இயங்கும் தசையை ஒரு கணம் தளர்த்துவது. ஓய்ந்த தசையில் அத்தளர்ச்சி புலப்படாது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், ஓசை எழுந்தபின் ஏறத்தாழ 11-ஆம் கூறில் ஓர் அலையும் 15-ஆம் கூறில் அதன் எதிரலையும் தோன்றும். ஒரு செவியில் ஒலித்தாலும் இரு கன்னங்களிலும் விடை காணலாம். அலை சிறுத்தாலோ, தாமதித்தாலோ, தோன்றாதொழிந்தாலோ, உட்செவியிலோ நரம்பிலோ மூளைத்தண்டிலோ பழுதிருக்கக்கூடும். கழுத்தைத் திருப்ப இயலாதவருக்கு இது ஏற்ற முறை. எனினும் கழுத்துச் சோதனையைப் போல இது இன்னும் பரவலாகவில்லை. முதுமையிலும் நடுச்செவி நோயிலும் அலை குன்றுவதுண்டு. ஆகவே இச்சோதனை ஒன்றே தீர்ப்பாகாது.

அன்பர்களே! எக்கருவிக்கும் முன்னே மருத்துவருக்கு வேண்டுவது நோயாளியின் வாய்மொழி. நம் பெரியவர்களோ இந்தி அறியார்கள். மருத்துவர் "சக்கரா?" என்று வினவினால், எதற்கும் தலையசைத்து வருகிறார்கள். அச்சொல்லில் சுழற்சியும் அடங்கும், மயக்கமும் அடங்கும். தமிழிலோ தலைசுற்றல் வேறு, கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு, தள்ளாட்டம் வேறு. அவ்வேற்றுமையை எடுத்துரைக்க, வீட்டிலுள்ள ஒருவர் உடன் செல்ல வேண்டும். அறை சுழன்றதா, கண் இருண்டதா? சில விநாடிகளா, சில மணி நேரமா? படுக்கையில் புரண்டபோது வந்ததா? செவியில் இரைச்சலோ, கேள்விக் குறைவோ உண்டா? இவற்றை வீட்டிலேயே தமிழில் கேட்டு, ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலும், முகம் கோணினாலும், கைகால் வலுவிழந்தாலும், பொருள் இரண்டாகத் தோன்றினாலும் ஒரு கணமும் தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள்.

"பித்தம், எலுமிச்சைச் சாறு அருந்தினால் தணியும்" என்று நாம் வாளா இருந்துவிடுகிறோம். பின்னர் ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது வருந்துகிறோம். நம்மை நம்பி மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக மருத்துவரிடம் பேசுவது நம் கடமை.