தோல்விக்கு அஞ்சாத வழக்கறிஞர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சாலையிலே அமைந்துள்ளது புசல்லாவை. அங்கே சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய கே. இராஜலிங்கம், 1947இல் நாவலப்பிட்டித் தொகுதியின் உறுப்பினரானார். அவ்வாண்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் வென்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அக்கட்சியினர் ஒருவரேனும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அம்மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஒருவர் வடக்கே இருந்தார். அவரே காங்கேசன்துறை உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம். தம் கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேரவே, அவரைப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். மலையகத் தொழிலாளர் அவருக்கு வாக்களிக்கக்கூடியவர் அல்லர். ஆயினும் அவர்களுக்காகப் பேசினார்.

1952இல் தம் தொகுதியிலேயே தோற்றார். ஆயினும் ஓய்ந்தாரல்லர். 1956இலும், 1960இல் இருமுறையும், 1965இலும், 1970இலும் வென்றார். 1972இன் அரசியலமைப்பை மறுத்துப் பதவி துறந்து, 1975 இடைத்தேர்தலில் மீண்டும் மக்கள் தீர்ப்பைப் பெற்றார்.

1977இல் அவர் மறைந்தார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. வழக்கறிஞர் மறைந்த பின்னும் வழக்கு மறையவில்லை.