டூர் வண்டியில் எங்களுக்கும் ஒரு சீட்டு

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வயசுல போலியோ வந்த கால். கேலிப்பர் போட்டு நடப்பேன், ஆனால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

நம்ம ஊர்ப் பெயர்க் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டார். பிள்ளையாரைக் கும்பிடாமல் புறப்பட்டதால், தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆகி, இப்போது அச்சரப்பாக்கம் என்கிறோம். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றும். சாமி தேராகவே இருந்தாலும், ஒருத்தரை விட்டுட்டுப் புறப்பட்டா வண்டி ஓடாது. இன்னைக்கு நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

எங்களுடையது மாற்றுத்திறனாளிகள் சிறப்புக் குழு. மற்ற குழுக்களுக்குப் பத்து பேர் வேண்டும், சிறப்புக் குழுவுக்கு ஐந்து பேர் இருந்தாலே போதும் என்று விதி இருக்கிறது. நாங்கள் ஏழு பேர். மூன்று பேருக்குக் கால், ஒரு அக்காவுக்குக் கண் தெரியாது, ஒரு தங்கச்சிக்குக் காது கேட்காது. மீதி ரெண்டு பேர், பிள்ளைகளுக்காகச் சேர்ந்த அம்மாக்கள். அதில் ஒரு அக்காவின் மகளுக்குப் பத்தொன்பது வயது. பிறந்தபோதே மூளை முடக்குவாதம். பேச்சு வராது, சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். ஆனால் எல்லாம் புரியும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு எல்லாம் மற்ற குழு மாதிரியே நடத்தினோம். கடனை ஒழுங்காகக் கட்டினோம். ஆனால் ஊரில் எல்லாக் குழுவும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை வேன் எடுத்துக் கோயில், கடற்கரை என்று போகும்போது எங்களுக்கு ஒரே பதில்தான். "நீ எதுக்கும்மா கஷ்டப்படுற? வீட்டுலயே இரு. பிரசாதம் கொண்டாந்து தரோம்."

கொண்டு வந்தும் கொடுத்தார்கள். அன்போடுதான் கொடுத்தார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரசாதம் வீட்டுக்கு வரும், ஊர் வீட்டுக்கு வராது இல்லையா?

ஒரு நாள் குழுக் கூட்டத்தில் அந்த அக்கா சொன்னாங்க: "என் பொண்ணு டிவியில கடலைக் காட்டினா கண்ணை எடுக்க மாட்டா. பத்தொன்பது வருஷமா ஒரு மணி நேரத்துல போற தூரத்துல கடலு இருக்குது. நான் இன்னும் காட்டல." அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. அன்றைக்குத் தீர்மான நோட்டில் கடன் தீர்மானத்துக்குக் கீழே இன்னொரு தீர்மானம் எழுதினோம். ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் தனியாகச் சேர்ப்பது, சேர்ந்ததும் எல்லோரும் வெளியே போவது.

"மாசம் வர்ற ரெண்டாயிரம் உதவித்தொகையில இவங்களுக்கு டூர் கேக்குதா?" என்று பேச்சு வந்தது. வரத்தான் செய்யும். கால் நடக்காதவளுக்கு மருந்து வாங்கினால் அவசியம், காற்று வாங்கினால் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். படிப்பு, வேலை பற்றி மட்டும் அதில் இல்லை. 29-ஆவது பிரிவு, கலை, பண்பாடு, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொள்ள அரசும் உள்ளாட்சியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 30-ஆவது பிரிவு விளையாட்டுக்கு. அப்போது, நாங்கள் கேட்டது சலுகை இல்லை என்று தெரிந்தது.

முதலில் பக்கத்தில் இருக்கிற வேடந்தாங்கலுக்கு ஒரு சனிக்கிழமை போனோம். அந்த ஊர் ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ வருகிற பறவைக்கு இடம் விட்டார்கள், அந்தப் பறவையால் அவர்கள் விளைச்சலும் பெருகியது.

போவதற்கு முந்தின வாரமே நானும் என் வீட்டுக்காரரும் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கே படி, எங்கே சரிவு, கழிவறை வாசலில் நாற்காலி நுழையுமா என்று பார்த்து எழுதிக்கொண்டோம். பார்வைக் கோபுரத்தில் எங்களால் ஏற முடியாது. ஆனால் ஏரிக்கரை மேலேயே மரநிழலில் உட்கார்ந்தால் போதும், கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் மரம் மரமாகத் தெரியும். காது கேட்காத தங்கச்சிதான் எல்லாருக்கும் முன்னால் கூட்டைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினாள். கண் தெரியாத அக்கா சத்தத்தை வைத்து, "இது குஞ்சு இரை கேக்குது, அது பெரிசு இறக்கையை அடிக்குது" என்று எங்களுக்கே சொன்னார்கள். யார் யாருக்கு உதவி செய்தது என்று அன்றைக்குக் கணக்கு வைக்க முடியவில்லை.

அடுத்து மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு ரோட்டோரமே இருப்பதால் நாற்காலியில் இருந்தே பார்க்கலாம். ஆனால் அந்தச் சிற்பங்களைத் தொடக் கூடாது. கண் தெரியாத அக்காவுக்கு என்ன செய்வது? பக்கத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கேட்டோம். "தாராளமா தொட்டுப் பாருங்கம்மா" என்றார் அந்தச் சிற்பி. பாதி செதுக்கிய யானையை அக்கா தும்பிக்கையில் தொடங்கி வால் வரைக்கும் தடவிப் பார்த்தாங்க. "காது இவ்ளோ பெரிசா?" என்று சிரித்தார்கள். நாற்பது வருஷமாகக் கோயில் யானையின் மணிச் சத்தத்தை மட்டும் கேட்டவர்கள் அவர்கள்.

மூன்றாவதாகக் கடல். அதில்தான் நாங்கள் தோற்றோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு கடற்கரைக்கு வேனில் போய் இறங்கினோம். நான் முன்னாடியே போய்ப் பார்க்காத ஒரே இடம் அதுதான். கடல்தானே, என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. மணலில் நாலடி போனதும் புதைந்துவிட்டது. தள்ளத் தள்ள உள்ளேதான் போச்சு. அங்கே நின்ற ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், ஓடிவந்து அந்தப் பெண்ணை அப்படியே அள்ளித் தூக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஆம்பளை கை பட்டதும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டது. கத்தி அழுதாள். கடலைப் பார்க்கக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது வேனில் ஒருத்தரும் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தொன்பது வருஷ ஆசையை நானே கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவங்க மகளைப் பார்த்து, "இன்னொரு தடவை போலாமா கண்ணு? யாரும் தூக்க மாட்டாங்க" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மேலே தூக்கினாள்.

அப்புறம்தான் சென்னை மெரினாவில் மரப்பாதை போட்டிருப்பதை விசாரித்தோம். மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் பல வருஷம் கேட்டுக்கேட்டு வந்தது அது. முதலில் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். மிச்ச நாளெல்லாம் கடல் எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். 2022 நவம்பர் 27-ல் நிரந்தரப் பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பரில் மாண்டஸ் புயல் நம்ம மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தபோது அந்தப் பாதையும் சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். இது நம்ம குழு மாதிரிதான். ஆரம்பிப்பது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவதுதான் வருஷம் முழுக்க வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். இந்தத் தடவை முன்னாடியே ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாச்சு. வேனில் ஏற்ற நல்ல பலகை, வெயிலுக்குக் குடை, மாற்றுத் துணி, எல்லாம் எடுத்துக்கொண்டோம். பாதையில் நாற்காலி தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கே பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினோம். அம்மா கேட்டாங்க: "தண்ணி கொண்டாரட்டுமா?" கண்ணைத் தூக்கினாள். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி, கடல் தண்ணீரைக் கொண்டு வந்து அவள் காலில் ஊற்றினார்கள். "போதுமா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போதாதாம்! ஏழு சொம்போ எட்டுச் சொம்போ ஊற்றினோம். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மாவும் ஒரு சொம்பு கொண்டு வந்தார்கள். அவங்க ஊற்றுவதற்கு முன்னால், "ஊத்தட்டுமா பாப்பா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

சரி, உங்களிடம் நான் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஊராட்சிக் கூட்டமைப்பு எங்கே டூர் போனாலும், தேதி முடிவு செய்கிற கூட்டத்திலேயே எங்களையும் கூப்பிடுங்கள். இடத்தை முடிவு செய்த பிறகு "நீ வர முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்றுதான் பதில் வரும்.

இரண்டாவது, ஒருத்தர் முன்னாடியே போய்ப் பார்க்கணும். முக்கியமாகக் கழிவறை. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். எங்களில் பலர் வெளியே போகிற நாளில் முந்தின ராத்திரியில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. போன இடத்தில் உட்கார முடியாதே என்ற பயம். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான் வருகிறது. உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரியும், நமக்கெல்லாம் பொதுவான கஷ்டம்தான் இது. எங்களுக்கு நல்ல கழிவறை தேடினால், அது மூட்டுவலிக்கார அத்தைக்கும் மாசமா இருக்கிற மருமகளுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, தூக்குவதற்கு, தள்ளுவதற்கு, கையைப் பிடிப்பதற்கு முன்னால் எங்களைக் கேளுங்கள். கூட வந்தவரைக் கேட்காதீங்க, எங்களைக் கேளுங்கள். பேச்சு வராதவளுக்கும் பதில் இருக்கிறது.

நான்காவது, செலவு. எங்கள் பங்கை நாங்கள் கொடுப்போம், இலவசமாகக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. துணையில்லாமல் போக முடியாதவர்களுக்கு ரயிலில் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துக் கட்டணச் சலுகை உண்டு. இதெல்லாம் தெரியாமல் பல வீட்டில் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். தெரிந்த ஊக்குநர்கள் போய்ச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கிராம சபையில் எங்களோடு சேர்ந்து கை தூக்குங்கள். நூலகத்துக்கு, ஏரிக்கரைக்கு, பிள்ளைகள் விளையாடும் பூங்காவுக்குச் சாய்தளம் கேட்போம். கேட்கும்போது அளவோடு கேட்போம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கணும். படியின் மேல் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டால் அது சாய்தளம் ஆகாது, சறுக்குமரம்தான் ஆகும்.

2011 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வேன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சேமிப்புப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லாமல் இருக்கலாம். அடுத்த தடவை பிரசாதம் கொண்டு போய்க் கொடுப்பதற்குப் பதிலாக, போவதற்கு முந்தின வாரம் அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "எங்கே போகலாம், சொல்லு" என்று கேளுங்கள்.

எங்கள் குழு அடுத்த மாதம் மறுபடியும் வேடந்தாங்கல் போகிறது. இந்தத் தடவை வேனில் நாலு சீட்டு காலி வைத்திருக்கிறோம். நடக்கத் தெரிந்தவர்களுக்கும் இடம் உண்டு. பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.